சீர்த் தட்டில் ஒரு ஜோடி ஷூ

எங்கள் அண்ணன் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இதை எழுத உட்கார்ந்தபோது மரியாதையாக 'அவர்' என்று எழுதத்தான் பார்த்தேன். கை வரவில்லை. என்னைவிடப் பத்து வயது மூத்தவன், அப்பா இல்லாமல் போன வீட்டில் எனக்கு அப்பாவாக இருந்தவன், எல்லாம் சரி. "ஒன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன், செத்தாலும் மிதிக்க மாட்டேன்" என்று ஒருநாள் சொன்னான். சொன்னபடியே மிதிக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டான். அப்படிப்பட்டவனை 'அவர்' என்று எழுத எனக்கென்ன தலையெழுத்தா?

மற்றவர்களுக்குக் கோபம் வரும், போகும். இவனுக்கு அது பேசுகிற முறை. டீக்கடையில் டீ கேட்டாலே சண்டைக்கு இழுப்பதுபோல இருக்கும். "ஏய்யா, டீ தருவியா, இல்ல நான் போயி மாட்டப் புடிச்சிட்டு வரவா?" என்பான். சாப்பிட்டாயா என்று அவன் என்னை ஒருநாளும் கேட்டதில்லை. "சோறு தின்னியா, இல்ல அதுக்கும் ஒருத்தன் வந்து ஊட்டணுமா?" என்பதுதான் கேள்வி. காய்ச்சலில் படுத்திருந்தால், "எவ ஒன்ன மழையில ஆடச் சொன்னது?" என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு வந்து நெற்றியில் கை வைப்பான். கத்தல் மட்டும்தான் வேகமாக வரும். கை மெதுவாகத்தான் வரும்.

சிம்மக்கல்லில் வாழைப்பழக் கமிஷன் கடை வைத்திருந்தான். விடியும் முன்னே லாரியில் தார் வந்து இறங்கும். வரிசையாக நிறுத்திவைத்த தார்களுக்கு நடுவே நடந்துகொண்டே கட்டைவிரலால் காயை அமுக்கி அமுக்கிப் பார்ப்பான். எது இன்றைக்கு விற்கும், எது நாளைக்குத் தாங்கும் என்று அந்த விரலுக்குத் தெரியும். தொழிலில் வந்த பழக்கம் கடையோடு நிற்கவில்லை. துணிக்கடையில் சேலையை அமுக்குவான். பேக்கரியில் ரொட்டியை அமுக்கி ஏச்சு வாங்குவான். அம்மாவுக்கு வாங்கிய மாத்திரை அட்டையைக்கூட ஒருதடவை அமுக்கிப் பார்த்தான். "அதுல என்னண்ணே தெரியும்?" என்று கேட்டேன். "ஒனக்கு என்ன தெரியும், வாய மூடு" என்றான்.

இன்னொரு பழக்கம் உண்டு. எதையும் கையில் கொடுக்க மாட்டான். சின்ன வயதில் நான் வாய்க்காலில் இறங்கி விளையாடினேன் என்று முதுகில் ஒன்று வைப்பான். சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா ஒரு பால்பன்னைக் கொண்டுவந்து கொடுத்து, "ஒங்க அண்ணன் குடுக்கச் சொன்னான்" என்பாள். எட்டிப் பார்த்தால் இவன் தெருமுனையில் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பான். போய்க் கேட்டால், "யாரு, நானா? நாய்க்கு வாங்குனேன். மிச்சம் ஆச்சு" என்பான். பன்னிரண்டாம் வகுப்பில் மார்க் குறைந்துவிட்டது என்று இரண்டு நாள் வீட்டையே கிழித்தான். மூன்றாம் நாள் சைக்கிள் கடைக்காரர் ஒரு புதுச் சைக்கிளை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்திவிட்டு, "ஒங்க அண்ணன் நிப்பாட்டிட்டு வரச் சொன்னாரு, வேற எதுவும் பேசக் கூடாதுன்னாரு" என்று சொல்லிவிட்டு நடந்து போனார். திட்டை மட்டும் நேரில் வந்து கொடுப்பான். மற்ற எல்லாம் ஆள் மூலம்தான்.

எனக்கு மேலூர்ப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்தான். லாரி வைத்து குவாரிக்கல் ஏற்றுகிறவர். ஆளையும் அமுக்கித்தான் பார்த்திருப்பான். எனக்கோ நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டரில் கூட வேலை பார்த்தவரைப் பிடித்திருந்தது. சொன்னேன். அம்மா அப்போது உயிரோடு இல்லை. வீட்டில் நானும் அவனும்தான். அன்றைக்கு அவன் கத்தவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கல்யாணத்தன்று வந்தான், தாலி கட்டும்வரை தூணுக்குப் பின்னால் நின்றான், கிளம்பும்போது என் எதிரே வந்து, "நல்லா இரு. ஆனா ஒன் வீட்டு வாசல மிதிக்க மாட்டேன். செத்தாலும் மிதிக்க மாட்டேன்" என்றான். வாழ்த்தும் சாபமும் ஒரே மூச்சில். நானும் சும்மா இருக்கவில்லை. "போ, ஒன்ன யாரு கூப்புட்டா?" என்றேன். ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

நாங்கள் ஆனையூரில் குடியேறினோம். ஒரே டவுன் பஸ் தூரம். அவன் வரவில்லை, அவன் கடை ஆட்டோ வந்தது. அமாவாசைக்கு ஒரு சீப்பு, கார்த்திகைக்கு ஒரு தார், நான் உண்டாகியிருக்கிறேன் என்று யார் சொன்னார்களோ, அன்றிலிருந்து வாராவாரம் நாட்டுப்பழம். ஆட்டோக்காரர் நல்ல மனுஷர், இரண்டு பக்கமும் அடி வாங்குகிறவர். "அண்ணே குடுத்துவிட்டாருக்கா" என்று தின்பண்டத்தோடு அவனுடைய திட்டையும் சேர்த்து இறக்கிவைப்பார். நான் பழத்தை வாங்கிக்கொண்டு என் திட்டை ஏற்றி அனுப்புவேன். நான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தபோது அண்ணன் கேட் வரைக்கும் வந்து, பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது என்று சொன்ன வாட்ச்மேனோடு சண்டை போட்டுவிட்டு, அதையே சாக்காக வைத்துத் திரும்பிப் போய்விட்டான். பையன் பிறந்து ஒரு வருஷம் ஓடியது. தாய்மாமன் மருமகன் முகத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்தில் பிள்ளைக்கு முதலில் வாங்குவதெல்லாம் தாய்மாமன் முறை. அரைஞாண், கொலுசு, முதல் செருப்பு, எல்லாம் அவன்தான். காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் மடி இல்லாத காதுகுத்தை ஊர் வருஷக்கணக்கில் பேசும். எங்களுக்கும் ஒரு தாய்மாமன் இருந்தார் என்று கேள்வி. அவர் பேச்சை எடுத்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

பையன் சுவரை விட்டுவிட்டு முதன்முதலாக நாலு எட்டு நடந்த அன்று நான் ஆட்டோக்காரரிடம் அதைச் சொன்னேன். மறுநாளே ஒரு அட்டைப்பெட்டி வந்தது. சிவப்பு ஷூ. அடியில் விளக்கு எரியும், மிதித்தால் பீப்பீ என்று கத்தும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காலில் போட்டால் குதிகாலுக்குப் பின்னால் என் மூன்று விரல் போனது. பையன் ஒரு எட்டு எடுத்துவைத்தான். கால் வந்தது, ஷூ வரவில்லை. அது அங்கேயே கிடந்து ஒரு பீப்பீ சொல்லிவிட்டு அடங்கியது. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையைப் பார்க்காமலே பிள்ளைக்கு ஷூ வாங்குகிறவனை என்ன சொல்வது?

"பெருசா இருக்கு, சின்னதா வாங்கச் சொல்லுங்கண்ணே" என்று பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன். ஆட்டோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு மறுநாள் வந்தார்.

"அளவு எனக்குத் தெரியும்னு சொல்லச் சொன்னாருக்கா. செருப்புல தப்பில்ல, புள்ளைக்கு நடக்கச் சொல்லிக்குடுன்னாரு."

எனக்கு உச்சி மயிர் எரிந்தது. "அவருக்கு என்ன தெரியும்? பாத்தாரா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பாத்தாரா?" என்று ஆட்டோக்காரரிடம் கத்தினேன். பாவம், அவர் என்ன செய்வார்? அதற்குள் நான் திருப்பி அனுப்பிய பெட்டியோடு இன்னொரு பெட்டியையும் சேர்த்து நீட்டினார். இந்தமுறை கறுப்பு ஷூ. விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. பள்ளிக்கூடத்துப் பெரிய பையன்கள் போடுகிற மாதிரி விறைப்பாக, கயிறு கட்டுவது. அளவு மட்டும் அதே அளவு. இம்மி குறையவில்லை. இதற்கு அடிப்பாகம் வேறு மரக்கட்டை மாதிரி, இரண்டு கையாலும் வளைத்தாலும் வளையவில்லை.

நான் தூக்கிப் பரணில் போட்டேன். என் வீட்டுக்காரர் அதை எடுத்தார். அவருக்கு எப்படியாவது மச்சானோடு ராசியாகிவிட வேண்டும் என்று ஆசை. "ஒரே ஒரு தடவ போட்டு, ஒரு போட்டோ எடுத்து அனுப்புவோம். பாத்தா மனசு மாறும்ல" என்று முன்பக்கம் பஞ்சு அடைத்து, கயிற்றை இறுக்கிக் கட்டி, பிள்ளையை வாசலில் நிறுத்திவிட்டு போனை எடுத்தார். போனை எடுக்கிற நேரம்தான். அந்தக் கட்டை ஷூ தடுக்கிப் பையன் வாசற்படியில் முகம் குப்புற விழுந்தான். உதடு கிழிந்து சட்டை எல்லாம் ரத்தம்.

உதடு ஆறிவிட்டது. ஆனால் பையன் அதற்குப் பிறகு நடக்கவில்லை. நிற்கவைத்தால் கால் இரண்டையும் மடக்கிக்கொண்டான். மறுபடியும் தவழ ஆரம்பித்தான். யார் காலில் செருப்பைப் பார்த்தாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதான். நடந்துகொண்டிருந்த பிள்ளை தரையில் முட்டி தேய்த்துப் போவதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. காதுகுத்துக்கு நாள் குறித்தாயிற்று, மேலூர் தாண்டி என் வீட்டுக்காரர் வழிக் குலசாமி கோயிலில். மாமன் மடி உண்டா இல்லையா என்று என் மாமியார் வீட்டில் எல்லோரும் ஜாடை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நான் இரண்டு ஷூவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

கடையில் அவன் தார்களுக்கு நடுவில் நின்று யாரையோ ஏசிக்கொண்டிருந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்க்கிறோம். மீசையில் நரை விழுந்திருந்தது. எனக்கு அழுகை முட்டியது. அழுதால் தோற்றுப்போவேன் என்று பையைக் கவிழ்த்து ஷூக்களை அவன் முன்னால் கொட்டினேன். சிவப்பு ஷூ ஒரு பீப்பீ சொன்னது.

"இந்தா, நீயே போட்டுக்க" என்றேன்.

அவன் ஷூவைப் பார்க்கவில்லை. பிள்ளையின் காலைப் பார்த்தான். "ஏ கூறுகெட்டவளே, புள்ளய வெறுங்காலோட இங்க தூக்கிட்டு வந்திருக்கியே, கீழ எம்புட்டு ஆணி கெடக்கு தெரியுமா?"

"செருப்பு இருந்தா போட மாட்டேனா? தாய்மாமன் வாங்கிக் குடுத்த லட்சணம் அப்புடி! ஒனக்கு யாரு இந்த அளவச் சொன்னா? கடைசியா நீ எந்தப் புள்ள காலத் தொட்டுப் பாத்த?"

"ஒன் காலத்தான்டி!" என்று கத்தினான். வலது கையை என் முகத்துக்கு நேராக விரித்தான். "நடக்க ஆரம்பிச்சப்ப ஒன் காலு இம்புட்டு. மணிக்கட்டுல குதிகால வச்சா, நடுவெரல் மொதக் கணுவுல வந்து நிக்கும். இந்தக் கையில வச்சுப் பாத்தவன் நான். கடைக்காரன்கிட்ட இந்தக் கையக் காட்டித்தான் வாங்குனேன். மறந்துருவேனா?"

தார் இறக்குகிறவர்கள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள். அவன் என் இடுப்பிலிருந்த பிள்ளையின் காலைப் பிடித்துத் தன் உள்ளங்கையில் வைத்தான். குதிகால் மணிக்கட்டில். விரல் நுனி அவன் உள்ளங்கை முடிகிற இடத்திலேயே நின்றுவிட்டது. கணு எங்கேயோ தூரத்தில் இருந்தது. அவன் முகம் மாறிவிட்டது.

"என்னடி இது, காலு இம்புட்டூண்டு இருக்கு? புள்ளைக்குச் சோறு போடுறியா இல்லையா? ஒன் புருசன் சம்பாதிக்கிறானா, இல்ல..."

"அட அறிவுகெட்ட அண்ணே!" என்று நான் போட்ட சத்தத்தில் பிள்ளையே மிரண்டு காலை இழுத்துக்கொண்டான். "அப்ப ஒனக்கு என்ன வயசு? பத்தா, பதினொண்ணா? அப்ப ஒன் கை இந்தக் கையா? ஒன் கை வளரவே இல்லையா?"

அவன் தன் கையைத் திருப்பிப் பார்த்தான். முன்புறம், பின்புறம். வாழைக்கறை ஏறிக் கறுத்துப்போன பெரிய கை. பிறகு தார் இறக்குகிறவர்கள் பக்கம் திரும்பினான். "என்னங்கடா வேடிக்க? இங்க என்ன கூத்தா நடக்குது? தாரு தானா எறங்கிருமா?" என்றான். அப்புறம் என்னைப் பார்க்காமலே பிள்ளையை என் இடுப்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

இரண்டு தெரு தள்ளி ஒரு செருப்புக் கடை. கடைக்காரர் பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "ஒரு சைஸ் பெருசாவே எடுத்துக்கங்கண்ணே, வளர்ற புள்ள" என்றார்.

"வளர்ற புள்ளைக்கு இன்னைக்கும் காலு இருக்குல்லய்யா? இன்னைக்கு எதப் போட்டு நடப்பான்?"

"இதத்தானே நான் இத்தன நாளா..." என்று ஆரம்பித்தேன்.

"நீ வாய மூடு" என்றான்.

பீப்பீ ஷூவை எடுத்துக் காட்டினார்கள். "இது என்ன, நடக்குறதுக்கா, ஹாரன் அடிக்கிறதுக்கா?" என்று தூக்கிப் போட்டான். அதை முதலில் வாங்கி அனுப்பியவன் யாரோ! ஒவ்வொரு ஷூவையும் இரண்டாக வளைத்துப் பார்த்தான். வளையாததை எல்லாம் ஏசினான். பஞ்சுபோல வளைந்த ஒரு நீல நிறத் துணி ஷூவைப் பிடித்தான். கயிறு கிடையாது, மேலே ஒட்டுகிற பட்டை. போடப் போனால் பையன் விரலை எல்லாம் மடக்கிக்கொண்டு கத்தினான். பையன் விழுந்த கதையை நான் சொன்னேன். அண்ணன் அந்தக் கடைத் தரையில், நாலு பேர் செருப்பு மிதிக்கிற இடத்தில், வெள்ளை வேட்டியோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தான். மடக்கிய விரல்களை ஒவ்வொன்றாக நீவி நீவி விரித்தான். அவ்வளவு நேரமும் வாய் மட்டும் ஓயவில்லை. "எந்தப் பய ஒன்ன விழ வச்சது? அந்த ஷூவ வாங்குன பயல நான் என்ன பண்றேன் பாரு" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டிருந்தான். பையன் அதைக் கேட்டுச் சிரித்தான்.

ஷூவைப் போட்டதும் உட்காரவைத்து அளவு பார்க்க வந்த கடைக்காரரைத் தள்ளிவிட்டு, "நிக்க வையி, நின்னாத்தான் காலு பரவும்" என்று தூக்கி நிறுத்தினான். முன்னால் கட்டைவிரலால் அமுக்கினான், காலையில் காயை அமுக்குகிற அதே அமுக்கு. உள்ளே பிள்ளையின் விரல் இருந்தது, அதற்கு முன்னால் கொஞ்சம் இடமும் இருந்தது. "இது சரி" என்றான். பையன் அவன் காதைப் பிடித்துக்கொண்டு சிறிது நேரம் நின்றான். பிறகு காதை விட்டான். கடை வாசல் வரைக்கும் நடந்தான். வாசலில் திரும்பி எங்கள் இருவரையும் பார்த்தான். அவன் நடப்பதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன், தோற்றாலும் போகட்டும் என்று. அண்ணன் ஷூவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துத் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

"குடு, போட்டே கூட்டிட்டுப் போறேன்" என்றேன்.

"எப்ப குடுக்கணும்னு எனக்குத் தெரியும்."

"காதுகுத்துக்கு வருவியா?"

"மொறைன்னா மொறையாக் கூப்புடணும். ஒன் புருசனுக்கு வாயில்லையா? வெத்தல பாக்கு வச்சு வந்து கூப்புடச் சொல்லு."

வீட்டுக்காரரிடம் சொன்னேன். நாளைக்குப் போகிறேன், நாளைக்குப் போகிறேன் என்றார். பயம். அவனுடைய வாய்க்குப் பயந்து கடைசிவரை போகவே இல்லை. எனக்கு அது தெரிந்தது காதுகுத்து அன்று காலையில், குலசாமி கோயிலில், பொங்கல் பொங்கிய பிறகு. அந்த இடத்தில் அவரை என்ன செய்தாலும் தகும் என்று தோன்றியது.

நேரம் ஏறிக்கொண்டே போனது. ஆசாரி ஊசியைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உச்சிக்குள் முடிக்க வேண்டும் என்றார்கள். என் மாமியார் வீட்டுப் பெரியவர் ஒருவர், "சரித்தா, மொறைக்கு மாமன் ஆகுறவன் இங்கனக்குள்ளயே ரெண்டு பேரு இருக்கான். எவன் மடியிலயாச்சும் ஒக்கார வச்சிருவோம்" என்றார். "எம் புள்ளைக்கு மாமன் உசுரோட இருக்கான். வேற எவன் மடியிலயும் ஒக்கார மாட்டான். நேரம் போனா போகட்டும்" என்று நான் போட்ட போட்டில் பெரியவர் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். கோயில் பூராவும் என்னையே பார்த்தது. பார்க்கட்டுமே.

அப்போதுதான் ஒரு பெண் ஓடிவந்து சொன்னாள். "மதினி, ஒங்கண்ணன் காலையில இருந்தே மதிலுக்கு அந்தப் பக்கம் வெயில்ல நிக்கிறாரு. கெடாய், சீரு எல்லாம் வந்திருக்கு. கூப்புடாம வர மாட்டாராம்."

நான் வீட்டுக்காரரின் தோளைப் பிடித்துத் தள்ளினேன். வெற்றிலைத் தட்டோடு ஓடினார். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் இங்கே கேட்டது. "இப்பத்தான் வழி தெரிஞ்சதா மாப்ள? வெயில்ல காஞ்சு கருவாடாகுறேன். கெடாய்கூட மயங்கிருச்சு!" பிறகு மேளம் கேட்டது. மேளத்துக்குப் பின்னால் சீர்த் தட்டுகள் வரிசையாக வந்தன. பழம், துணி, தேங்காய். எல்லாவற்றுக்கும் முன்னால் பெரிய தாம்பாளம் ஒன்றைத் தன் கையாலேயே ஏந்திக்கொண்டு அண்ணன் வந்தான். யார் கையிலும் கொடுத்து அனுப்பவில்லை. தாம்பாளத்தில் மஞ்சள், குங்குமம், நடுவில் அந்த நீல ஷூ.

துண்டை உதறிய பெரியவருக்கு இப்போது நேரம் கிடைத்தது. "என்னப்பா இது, சீர்த் தட்டுல செருப்பா? சாமி எடத்துல இதென்ன மொற?"

"எம் மருமகன் மொதச் செருப்பு. தட்டுல வைக்காம ஒங்க தலையிலயா வைக்க?" என்றான் அண்ணன்.

பெரியவர் மறுபடியும் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். ஷூ மட்டும் கோயில் வாசலுக்கு வெளியே, ஒரு துண்டின் மேல், காவலுக்கு ஆட்டோக்காரரோடு உட்கார்ந்திருந்தது.

அண்ணன் கிழக்கே பார்த்துச் சம்மணம் போட்டான். பிள்ளையை மடியில் வாங்கினான். ஆசாரி முதல் காதைக் குத்தினார். பையன் வீறிட்டுக்கொண்டு உதைத்தான். அண்ணன் ஒரு கையால் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, இன்னொரு கையால் உதைக்கிற வெறுங்காலைப் பிடித்தான். குதிகால் மணிக்கட்டில் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீயும் இப்புடித்தான் ஒதச்ச" என்றான்.

"எப்ப?"

"ஒனக்குக் காது குத்துனப்ப."

"நீ அப்ப எங்க இருந்த? மாமன் மடியிலல்ல நான் இருந்திருப்பேன்?"

"எந்த மாமன்? அந்த ஆளுக்கும் நம்ம அப்பாவுக்கும் பேச்சுவார்த்த இல்ல. கூப்புட்டும் வரல. உச்சி தாண்டிருச்சு. அம்மா ஒன்னத் தூக்கி வச்சிக்கிட்டு அழுதுச்சு. எவனும் மடி தரல. நான்தான் போயி ஒக்காந்தேன். அண்ணன் மடியில குத்துறது மொறையில்லன்னு ஊரே பேசுச்சு. பேசட்டும்னு கெட்டியாப் புடிச்சிக்கிட்டேன்." நடுவிரலின் முதல் கணுவைப் பெருவிரலால் தொட்டுக் காட்டினான். "ஒன் காலு இந்தா, இது வரைக்கும் இருந்துச்சு."

எனக்கு அன்றைக்கு வந்த கோபம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்து, ஒரே தட்டில் தின்று, இதை ஒரு வார்த்தை சொல்லாதவனை என்ன செய்ய?

"இத மொதல்லயே சொல்லித் தொலைச்சா என்ன?" என்று கத்தினேன்.

"நீ கேட்டியாடி?" என்று அவனும் கத்தினான். உடனே ஆசாரி பக்கம் திரும்பிக்கொண்டான்.

"என்னய்யா வேடிக்க பாக்குற? புள்ள அழுதுக்கிட்டுக் கெடக்கான். அடுத்த காதக் குத்து!"